நாயும் சேவலும் திரும்பி வந்த ஞாயிறு

என் அண்ணனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் இரண்டையும் கொண்டுபோய்விட்டது என்று அம்மா சொல்வாள். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளில் அவனை ஊமையன் என்றுதான் சொல்வார்கள். கூப்பிட்டால் கேட்காத ஒருவனுக்குப் பட்டப் பெயர் ஒரு கேடா என்று எனக்குச் சின்ன வயதிலேயே எரிச்சல் வரும். யாராவது பேச்சுவாக்கில் 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று சொல்லிவிட்டால் போதும், அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியும் அந்தப் புத்தி போகவில்லை. போகவும் வேண்டாம்.

காது கேட்காதவன் சிரிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எப்போதும் பிந்தித்தான் வரும். கல்யாணத்துக்கு முன்னால் நானும் சில வருஷம் கொழுந்தெடுத்தவள், அதனால் தினமும் பார்த்திருக்கிறேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கப் பெரட்டில் எல்லோரும் கூடி நிற்கும்போது கங்காணி ஏதாவது கேலி சொல்வார். கூட்டம் சிரிக்கும். அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பான். அதற்குள் மற்ற ஆம்பிளைகள் சிரித்து முடித்து, கத்தியைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போய்க்கொண்டிருப்பார்கள். சில நாள் கேலி அவனைப் பற்றியதாகவே இருக்கும். அதற்கும் சேர்த்துச் சிரித்து வைப்பான்.

அவன் எல்லோருக்கும் முந்திச் சிரித்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அது ஒரு கார்ட்டூன்.

அப்போது எங்கள் லயத்துக்குக் கரண்ட் வரவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்றிருந்த அந்த வரிசையில் கடைசிக் காம்பராவில் இருந்தவர் ஒரு டிவி வாங்கி, பதுளை டவுனில் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்த கார் பெட்டரியில் ஓட்டுவார். சாயங்காலத்தில் அந்தக் கார்ட்டூன் வரும். ஒரு குண்டு நாய், ஓர் ஒல்லிச் சேவல். நாய்க்குச் சேவலைப் பிடிக்க வேண்டும், கதை அவ்வளவுதான். ஏணியில் ஏறினால் ஏணி சாயும், அலுமாரியைத் திறந்தால் மாவு மூட்டை தலையில் கொட்டும். பாறாங்கல்லுக்கு அடியில் அப்பளமாக நசுங்கிய நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு மறுபடியும் துரத்தும். இரண்டும் ஒரு வார்த்தை பேசாது. மேளமும் ஊதலும் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அண்ணனுக்கு அந்த மேளமும் தேவைப்படவில்லை.

ஏணியின் ஒரு கால் ஆடுவதை முதலில் கண்டுபிடிப்பவன் அவன்தான். நாய் முதல் படியில் கால் வைக்கும்போதே அவன் தொண்டையிலிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் கிளம்பிவிடும். எங்களுக்கு அப்புறம்தான் விளங்கும். போகப் போகப் பிள்ளைகள் எல்லாம் அவன் முகத்தையே பார்க்கத் தொடங்கினார்கள். அவன் தொடங்கினால் சிரிப்பு வரப்போகிறது என்று அர்த்தம். மறுநாள் வேலைவிட்டு வந்ததும் லயத்து வாசலில் அத்தனையையும் நடித்துக் காட்டுவான். இல்லாத ஏணியில் ஏறி, இல்லாத கூரையிலிருந்து தொப்பென்று விழுவான். மலையிலிருந்து வரும் பெண்கள் கூடையை இறக்காமலே நின்று பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அவனை ஊமையன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கார்ட்டூன் நின்றுபோய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் கேட்டால் விழுந்து காட்டுவான், கேட்காவிட்டாலும் காட்டுவான். போன வருஷம் அம்மா செத்துப்போன பிறகுதான் அது நின்றது.

அவனுடைய கைப்பேச்சு எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்தது இல்லை. அவனும் அம்மாவும் அடுப்படியில் உட்கார்ந்து தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டது. எனக்கு அதில் பாதி தெரியும், சோறு, மழை, வேலை, காய்ச்சல் என்கிற பாதி. மனசில் கிடப்பதைச் சொல்லும் மீதிப் பாதி அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், அவளோடு அதையும் கொண்டுபோய் எரித்துவிட்டோம். அதற்குப் பிறகு அவன் எதையும் சொல்வதற்குக் கையைத் தூக்கவில்லை. நான் பதுளையில் குடும்பமாக இருக்கிறேன், துணிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பிரிங்வெளி பஸ் ஏறி லயத்துக்குப் போய், சமைத்துக் கொடுத்துவிட்டு வருவேன். சாப்பிடுவான். கேட்டதற்குத் தலையை ஆட்டுவான். பெரட்டுக்குக்கூடச் சில நாள் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறான் என்று பக்கத்துக் காம்பரா அக்கா சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்கும்போதே கை நழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி?

அப்படி இருந்த ஒரு நாளில்தான் கடைச் சுவரில் இருக்கும் டிவியில் அந்தக் குண்டு நாய் வந்து நின்றது. பின்னாலேயே சேவலும் வந்தது. அந்தக் காலத்து ஜோடி புத்தம் புதிதாக மறுபடியும் வருகிறதாம், வருகிற ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு காலையில் பார்க்கலாமாம். நான் கையில் விரித்த சாரியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னா தங்கச்சி, சாரிய மடிக்காம கார்ட்டூன் பாக்குறீங்க?" என்றார் முதலாளி.

"எங்கண்ணனுக்குங்க மொதலாளி."

"அண்ணனுக்கு என்ன வயசு?"

"அம்பதாச்சிங்க."

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷர். எந்தச் சேனல் என்று அவரே பார்த்துச் சொன்னார். அம்மா சீரியல் பார்ப்பதற்கு வாங்கிய டிஷ் அவள் போனதிலிருந்து சும்மா கிடந்தது. அன்றைக்கே அதற்குக் காசு கட்டிவிட்டேன்.

இடையில் வந்த ஞாயிறு லயத்துக்குப் போனதும் அண்ணனை எதிரில் உட்கார வைத்தேன். வயிற்றைச் சுற்றித் தடவினேன், அது நாய். உச்சந்தலையில் விரல்களை விரித்து வைத்தேன், அது சேவல். தூரத்தைக் காட்டி, அங்கிருந்து கையை இழுத்து டிவியில் வைத்தேன். கன்னத்தைக் கையில் சாய்த்தேன், அது பெரட்டு இல்லாத நாள். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் கை மேலே வந்தது. வயிறு, கொண்டை, இரண்டு விரல். இரண்டுமே வருகிறதா என்று கேட்கிறான். இரண்டும்தான் என்றேன்.

அந்த வாரம் நடுவில் பக்கத்துக் காம்பரா அக்கா போன் எடுத்தார். "தங்கச்சி, ஒங்க அண்ணன் இன்னைக்கி வாசல்ல ஏணி ஏறி விழுந்து காட்டுனாருங்க! புள்ளைங்க சிரிச்சி உருளுதுங்க. நாளைக்கும் பெரட்டுக்கு வாறேன்னு கையக் காட்டிட்டுப் போறாரு." நான் சாரிக் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அம்மா இருந்திருந்தால் அவளிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். அந்த இரண்டு மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க மாட்டேன்.

ஞாயிறு காலையில் நான் போனபோது மலையெல்லாம் மூடுபனி. அவன் முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். டிவியைத் துடைத்து, பாய் விரித்து, தட்டில் கிரீம் பிஸ்கட் அடுக்கி வைத்திருந்தான். பக்கத்துப் பிள்ளைகளைத் தானே போய்க் கூட்டி வந்திருந்தான். எல்லோருக்கும் முன்னால், அந்தக் காலத்தில் உட்கார்ந்த மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

நாய் வந்தது. முன்பைவிடக் கண் பெரிசு, கலர் பளபளப்பு. ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தது. அண்ணன் முன்னால் குனிந்து ஏணியின் காலைப் பார்த்தான்.

நாய் வாயைத் திறந்து பேச ஆரம்பித்தது.

மெட்ராஸ் தமிழில் மூச்சுவிடாமல் பேசியது. கூரை மேலிருந்து சேவல் பதிலுக்குப் பேசியது. எத்தனை காலத்துக்குத்தான் நானே விழுவது, இந்தத் தடவை நீ விழு என்று நாய் நியாயம் கேட்கிறது. சேவல் வக்கீல் மாதிரி எதிர்வாதம் செய்கிறது. ஏணி ஆடவே இல்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளதைச் சொன்னால் பேச்சு நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஒவ்வொரு பிள்ளையின் முகமாகப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்து, கங்காணிக்குச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தான்.

எனக்கு அந்த டிவியைத் தூக்கி வெளியே எறியலாம் போல இருந்தது. இரண்டு மிருகங்கள் விழுவதற்குக்கூட இவ்வளவு பேச்சு என்னத்துக்கு? உலகத்தில் பேசுகிற வாய் போதாதா? யார் அந்தக் கார்ட்டூனைப் புதிதாகச் செய்தார்களோ, அவர்களுக்கு என் அண்ணனைத் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. ஆனால் கோபம் நியாயம் பார்த்தா வருகிறது?

அவன் எழுந்து போய்த் திரையைத் துவாயால் துடைத்தான். இன்னும் கிட்டப் போய் உட்கார்ந்தான். கடைசிவரைக்கும் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது முடிகிறவரை யாரும் விழவில்லை.

பிள்ளைகள் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் தன் கண்ணைத் தொட்டு, கையை இல்லை என்று விரித்துக் காட்டினான். கண் போய்விட்டதா என்று கேட்கிறான். நாய் விழுந்திருக்கிறது, எல்லோரும் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், தனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான். காது போன மாதிரி இதுவும் போகிறது என்று அவனுக்குப் பயம்.

அதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. இல்லை, கண் நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். டிவியைக் காட்டி, வாய்க்கு முன்னால் விரல்களை மூடி மூடித் திறந்தேன். அவை பேசுகின்றன.

அவனுக்குப் புரியவில்லை. மறுபடி காட்டினேன். அவன் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தான். வயிற்றைத் தடவி, காதைத் தொட்டு, கையை விரித்தான். கொண்டையை வைத்து, காதைத் தொட்டு, கையை விரித்தான். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்தான். நாய்க்குக் காது கேட்காது, சேவலுக்கும் கேட்காது, என்னைப் போலத்தான் என்கிறான். இத்தனை வருஷமாக அவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு இது தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

நான் கையைக் கீழே போட்டுவிட்டேன். ஆனால் அவன் விடவில்லை. என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான். வயிற்றைத் தடவி, வாய்க்கு முன்னால் விரல்களை மூடித் திறந்தான். கொண்டையை வைத்து, மறுபடியும் மூடித் திறந்தான். புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

அவங்களுமா?

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

 அவன் எழுந்து டிவியை அணைத்தான். என் பையை எடுத்துக் கையில் கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது, போ என்று வாசலைக் காட்டினான். அப்போது பத்தரை மணிகூட ஆகவில்லை, நான் இன்னும் சோறு வைக்கவே இல்லை.