முக்கோணத்தின் அடியில் நிற்பவர்

பேய் பிடித்தவள் கல்லூரியில் முக்கோணவியல் படித்துத் தேறுவாளா? தையல்காரர் வீட்டம்மா முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும், மற்றதை அப்புறம் பேசலாம். என் மருமகள் விடியற்காலையில் சுவரில் கோடு கிழித்து மந்திரம் முணுமுணுக்கிறாளாம். செத்த புருஷனை வரவழைக்கிறாளாம். மாடிப்படியில் உட்கார்ந்து அந்த அம்மா சொன்னதை இந்தக் கட்டடத்தில் கேட்காத காது கிடையாது. நான் நேரிலேயே போய்க் கேட்டேன்.

"மந்திரம்னு சொன்னியாமே, என்ன மந்திரம்?"

"சைன், காஸ், டேன்னு என்னவோ சொல்றா பெரியம்மா. சொல்லிட்டு மூலையைப் பார்த்துத் தலையாட்டுறா."

"அது கணக்குடி."

"கணக்குக்கு எதுக்குப் பெரியம்மா தலையாட்டணும்?"

"உன் வீட்டுக்காரர் தைச்ச சட்டையைப் போட்டுட்டு பாதிப் பேரு ஒரு பக்கமாச் சாய்ஞ்சே நடக்குறாங்க. அவருக்கும் கொஞ்சம் கணக்கு வந்தா நல்லதுதான்."

அதோடு வாயை மூடினாள், அன்றைக்கு மட்டும். ஆனால் தலையாட்டுவது என்னவோ நிஜம்தான். அதையும் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. சைன் எது, கிறுக்கல் எது என்று கேட்டால் விழிப்பேன். அந்த முக்கோணங்கள் எதற்காக வரையப்பட்டன என்று மட்டும் என்னைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது.

என் மகன் ரிக்கர். கட்டடம் எழும்பும் இடத்தில் கிரேன் தூக்குகிற சுமைக்குக் கம்பிக் கயிறு கட்டுவது அவன் வேலை. இரும்பு உத்தரத்தின் இரண்டு பக்கமும் கயிற்றை மாட்டி, இரண்டையும் மேலே ஒரே கொக்கியில் சேர்த்துவிட்டுக் கையைக் காட்டுவான், கிரேன்காரர் தூக்குவார். பல காலம் ஒரே கம்பெனியில் இருந்தவன், சம்பளம் கூட வருகிறதென்று புதிதாக ஒன்றில் சேர்ந்தான். அங்கே கால் பாவுவதற்குள் ஒரு நாள் கயிறு அறுந்தது. உத்தரம் அவன் மேல் விழுந்தது. வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

விசாரணையில் கிரேன்காரர் சொன்னது இதுதான்: "கயிறை ரொம்பப் படுக்க வெச்சுக் கட்டியிருந்தாரு. மேலேருந்து பார்த்தப்பவே எனக்குச் சரியாப் படலை. கேட்டேன். முப்பது டிகிரி சரியா இருக்கு, தூக்குன்னாரு. மெதுவாத்தான் தூக்கினேன்."

கயிற்றில் தொங்கிய தகட்டிலும் முப்பது என்றுதான் போட்டிருந்தது. அப்புறம் எப்படி அறும்? வெடுக்கென்று இழுத்துவிட்டு, பேச வாயில்லாதவன் தலையில் பழியைப் போடுகிறார் என்று தெருவே சொன்னது. விசாரித்தவர்கள் இப்படியும் சொல்லாமல் அப்படியும் சொல்லாமல் முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதரை எவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவர் வீடு. ஜன்னல் கண்ணாடியை யாரோ கல்லால் அடித்து உடைத்திருந்தார்கள். புதுக் கண்ணாடி போடாமல் அட்டையை வைத்து அடைத்திருந்தார். பகலிலும் அந்த வீட்டுக்குள் இருட்டுதான்.

கட்டடம் பாதியில் நின்றுபோனது. கிரேனும் அங்கேயே நின்றது. எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதன் நீண்ட கைதான் தெரியும். காற்றடித்தால் ஆளில்லாமலே அது மெல்லத் திரும்பும். வேலை இல்லாதபோது அதைப் பூட்டாமல்தான் விடுவார்கள், பூட்டினால் காற்று கிரேனையே சாய்த்துவிடும் என்று என் மகன் சொல்லியிருக்கிறான். தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் காலையில் அந்தக் கை நேராக எங்கள் வீட்டைச் சுட்டிக்கொண்டு நின்றால் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். மருமகள் சாத்த மாட்டாள். டீ ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள்.

வீட்டுக்குள்ளிருந்தும் அவன் போகவில்லை. என் பிள்ளையைப் பேய் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். அவனுடைய நாற்காலியில் நாங்கள் யாரும் உட்காருவதில்லை. அப்படியும் அதன் பஞ்சு அவன் உட்கார்ந்த குழியோடு அமுங்கியே கிடக்கிறது. சில நாள், அவன் சட்டையில் எப்போதும் இருக்கிற அந்தக் கிரீஸ் வாசனை சமையலறைவரை வரும். "அத்தை, வந்திருக்கு" என்பாள். "ம்" என்பேன். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அவளுக்குச் சலவை நிலையத்தில் வேலை. ஆஸ்பத்திரி, ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அத்தை, காலேஜ்ல சாயங்கால வகுப்பு இருக்கு. கணக்கு. நான் சேரப் போறேன்."

"உனக்குப் பள்ளிக்கூடத்துலயே கணக்கு வராதேடி?"

"வராது. வர வெக்கணும். கிரேன்காரர் பொய் சொல்றாருன்னு எல்லாரும் வாயாலதானே சொல்றோம்? கயிறு எவ்வளவு சாய்ஞ்சா எவ்வளவு பாரம் ஏறும்னு ஒரு கணக்கு இருக்காம். அதுக்கு முக்கோணவியல் படிக்கணும். இவரு கட்டினது தாங்கியிருக்கும், அந்த ஆளு இழுத்த இழுப்புலதான் அறுந்துச்சுன்னு நான் போட்டுக் காட்டிடுவேன்."

"காட்டு" என்றேன். "முதல்ல எனக்குக் காட்டு."

ஆரம்பத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி எல்லாவற்றையும் உருப்போட்டாள். முதல் தேர்வில் மண்ணைக் கவ்வினாள். வகுப்பு எடுக்கிற டீச்சர் இவளைவிட வயதில் சின்னவள். "அக்கா, மனப்பாடம் பண்ணா மறுநாளே மறந்துடும். படம் போடாம ஒரு கணக்கையும் தொடாதீங்க. எது தெரியும், எது தெரியாதுன்னு படத்துலயே எழுதுங்க" என்றாளாம். அன்றைக்கே சலவைத் துணியில் குறி போடுகிற சாக்கட்டியை வாங்கி வந்தாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிற சுவர்தான் அவளுடைய கரும்பலகை. விடிந்ததும் ஒரு வட்டம் போடுவாள். அதற்குள் ஒரு கோட்டைச் சாய்ப்பாள். கோடு நிமிர நிமிர அதன் உயரம் ஏறும், படுக்கப் படுக்க இறங்கும். "இந்த உயரம்தான் அத்தை சைன்" என்பாள். "அவ்வளவுதானா? இதுக்கா அவ்வளவு பெரிய காலேஜ் கட்டி வெச்சிருக்காங்க?" என்றேன். சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

தப்பாகப் போட்ட கணக்கை அப்படியே விட்டுவிட மாட்டாள். எந்த இடத்தில் சறுக்கினோம் என்று கண்டுபிடித்து, மறுநாள் பார்க்காமல் முதலிலிருந்து போடுவாள். வகுப்பில் கேள்வி கேட்டுக் கேட்டே மற்றவர்களைப் பஸ்ஸைத் தவறவிட வைத்திருக்கிறாள். விரிப்பை மூலைக்கு மூலை மடிக்கும்போதும் கோணம் சொல்வாள் என்று சலவை நிலையத்தில் அவளுக்கு 'முக்கோணம்' என்று பெயர் வைத்தார்கள். இவளா சளைப்பவள்? "செங்கோண முக்கோணம்னு மரியாதையாக் கூப்பிடுங்க" என்றாளாம்.

ஆனால் ஒன்று. புத்தகத்தில் வருகிற கணக்கெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். சுவரில் சாய்ந்த ஏணி, கோபுரத்து உச்சியிலிருந்து கீழே பார்க்கிற ஆள், கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பி. எதை வரைந்தாலும் உச்சியில் ஏதோ ஒன்று தொங்கும், அடியில் வெற்றிடம் இருக்கும். ஒரு நாள் காலை சாக்கட்டியோடு நின்றுகொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"கோடு போட்டு முடிச்ச உடனே அவரு வந்து அடியில நிக்கிறாரு அத்தை. தள்ளி நில்லுங்கன்னு சொல்லிட்டுத்தான் கணக்கைத் தொடங்குறேன்."

"நகருறானா?"

"நகருறாரு. நகர்ந்து மூலைக்குப் போய் நின்னு பார்க்குறாரு. விடை சரியா வந்தா நான் தலையாட்டுவேன்."

எனக்கு மூலையில் ஒன்றும் தெரியவில்லை. கிரீஸ் வாசனை மட்டும் வந்தது.

போகப் போக வகுப்பில் அவள்தான் முதல். அப்போதுதான் அந்தத் தேர்வு வந்தது. இரண்டு கயிற்றில் தொங்கும் சுமை, கயிற்றுக்கு முப்பது டிகிரி சாய்வு, ஒரு கயிறு எவ்வளவு தாங்குகிறது? இதற்காகவே படிக்கப் போனவள், கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். எல்லாம் சரி, அது ஒன்று மட்டும் தப்பு. டீச்சர் தாளை விரித்துக் காட்டினாளாம். "முப்பது டிகிரின்னா எந்தக் கோட்டிலேருந்து முப்பதுன்னு முதல்ல பாருங்க அக்கா. இதுல தூக்குநூல் மாதிரி நேரா நிக்கிற கோட்டிலேருந்து அளந்திருக்கு. நீங்க தரையிலேருந்து அளந்துட்டீங்க."

"எங்க வீட்டுல எப்பவும் தரையிலேருந்துதான்" என்று சொன்னாளாம். சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்ததாம்.

பழைய கம்பெனியில் தரையிலிருந்துதான் கோணம் அளப்பார்கள். முப்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது, அதுதான் அங்கே கட்டளை. என் மகன் அதிலேயே ஊறினவன். சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றிக் கையைச் சாய்த்து அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான். புதுக் கம்பெனியின் கயிறு எப்படி? மறுநாள் வேலைக்குப் போகாமல் கம்பிக் கயிறு விற்கிற கடைக்குப் போனாள். கடைக்காரர் யோசிக்கக்கூட இல்லை. "அந்தக் கம்பெனிக் கயிறோட தகட்டுல போட்டிருக்கிறது, நேரா நிக்கிற கோட்டிலேருந்தும்மா. முப்பதுக்கு மேல சாயக் கூடாதுன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வந்ததும் வாளி நிறையத் தண்ணீர் பிடித்தாள். கைப்பிடிக்குள் துணி காயப்போடும் கயிற்றை நுழைத்து, ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள்.

"கிட்ட வாங்க அத்தை. தூக்குவோம். கனமா இருக்கா?"

"இல்லை."

"இப்ப வாளியை இறக்காம ரெண்டு பேரும் பின்னால போவோம். போங்க. இன்னும்."

தள்ளிப் போகப் போகக் கயிறு படுத்தது. அதே வாளிதான், அதே தண்ணீர்தான். என் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"கை போகுதுடி!"

"போகும். தரையிலேருந்து முப்பதுன்னு கட்டினா, ஒவ்வொரு கயிறும் முழு உத்தரத்தையும் தனியாச் சுமக்குது அத்தை. சைன் முப்பது பாதி. அரைப் பாரத்தைப் பாதியால வகுத்தா முழுப் பாரம் வருது. நானும் எப்படியெப்படியோ போட்டுப் பார்த்துட்டேன். அவரு..."

நான் கயிற்றை விட்டேன். வாளி விழுந்து தண்ணீர் மேசைக்கடிவரை ஓடியது.

"என் பிள்ளையைக் குத்தவாளியாக்கவா படிச்சே?"

"இல்லை. அவரைக் காப்பாத்தத்தான் படிச்சேன்."

"மெதுவாத் தூக்கினா அறுந்திருக்குமா? சொல்லு!"

"மெதுவாத்தான் தூக்கியிருக்காரு அத்தை. தேய்ஞ்ச கயிறு வேறன்னு விசாரணையிலயே சொன்னாங்களே, அதான் தாங்கலை."

அதைப் பிடித்துக்கொண்டேன். தேய்ந்த கயிற்றைக் கொடுத்தது யார்? புதிதாக வந்தவனுக்கு எங்கள் பக்கம் இப்படித்தான் அளப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லாதது யார்? என் மகன் கோட்டை விட்டுவிட்டான் என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதன் பிறகு சுவரில் எதுவும் வரையவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். துடைத்த சுவரில் வட்டம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கிரீஸ் வாசனையும் வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கண்டுபிடித்துவிட்டாளே என்று வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டானோ என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். "வகுப்பை விட்டுடு. தெரிய வேண்டியது தெரிஞ்சாச்சு, இனி எதுக்குப் பரீட்சை?" என்றுகூடச் சொன்னேன்.

"பாதியில விட்டா, நான் சரியாப் படிக்கலை, அதான் விடை தப்பா வந்துச்சுன்னு எனக்கு நானே சொல்லிப்பேன் அத்தை. சொல்லிக்கிட்டே கிழவியாயிடுவேன். நல்லாப் படிச்சுத் தேறிட்டா அந்தச் சாக்கு இருக்காது."

மறுபடி சாக்கட்டியை எடுத்தாள். முன்னைவிட அதிகமாகவே போட்டாள். ஒவ்வொரு கணக்கிலும் முதல் வேலையாக, கோணம் எந்தக் கோட்டிலிருந்து தொடங்குகிறதோ அந்தக் கோட்டைத் தடிமனாக இழுப்பாள். இப்போது மூலையைப் பார்த்துத் தலையாட்டுவதில்லை. தரையைப் பார்த்து, "அங்கேயே நில்லுங்க, முடிச்சுடுறேன்" என்பாள். அவன் இப்போதெல்லாம் தள்ளிப் போவதில்லையாம்.

தேறினாள். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். டீச்சர் மேல்படிப்புக்கு வழி சொல்கிறேன் என்றாளாம். அந்தச் செய்தியைத் துக்கச் செய்தி மாதிரி என்னிடம் சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த விடுமுறை நாள் காலையில் தலை வாரினாள். சலவை நிலையத்துக்குப் போகிற புடவை இல்லை, நல்ல புடவை. எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கே என்று தெரிந்துதான் வாசற்படியில் போய் நின்றேன், இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு.

"நகருங்க அத்தை."

"ஊரே அந்தக் கிரேன்காரனைத்தான் சொல்லுது. சொல்லிட்டுப் போகட்டும். செத்தவனை எதுக்கு இழுக்குற?"

"அவரு உயிரோட இருக்காரு அத்தை. ஜன்னல்ல அட்டையை வெச்சுக்கிட்டு இருக்காரு. அவருகிட்டயும் சொல்லணும், விசாரிச்சவங்ககிட்டயும் போய்ச் சொல்லணும். தெரிஞ்சுக்கிட்டுத் தெரியாத மாதிரி என்னால இந்த வீட்டுல நடமாட முடியலை."

"உன் புருஷன் பேரு கெடும்."

"கெடும்" என்றாள். கண் ஈரமாக இருந்தது, குரல் ஈரமாக இல்லை.

மாடிப்படியில் தையல்காரர் வீட்டம்மாவின் தலை தெரிந்தது. "என்ன முக்கோணம், எங்க கிளம்பிட்டே?" என்றாள்.

"கிரேன்காரர் வீட்டுக்கு" என்று என் தோளுக்கு மேலாகச் சத்தமாகவே சொன்னாள். அந்தத் தலை சட்டென்று உள்ளே போய்விட்டது.

என்னைத் தள்ளவில்லை. நான் நகரும்வரை அப்படியே நின்றாள். என் பின்னாலும் யாரோ நிற்பது போல் முதுகு கூசியது. திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு கையை எடுத்தேன்.

"கயிறு தேய்ஞ்சது. அதையும் சொல்லு, விட்டுடாதே. புதுசா வந்தவனுக்கு யாரும் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலை. அதையும் சொல்லு."

"சொல்றேன் அத்தை."

"முதல்ல அதைச் சொல்லு."

"முதல்ல கிரேன்காரர்மேல தப்பில்லைன்னு சொல்றேன். அப்புறம் அதைச் சொல்றேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு, நான் விட்ட இடைவெளியில் உடம்பை ஒடுக்கி வெளியே போனாள்.