சனோபரைத் தூங்க விடாத பேருந்து

வெல்டிங் தாவூத், பெற்ற மகளை விழுப்புரம் பஸ்ஸில் வைத்துக் கொடுமைப்படுத்தினார் என்றும், பஸ்ஸில் இருந்தவர்கள் தடுக்காமல் சேர்ந்து கைதட்டினார்கள் என்றும் செஞ்சியில் ஒரு பேச்சு உண்டு. சில வருஷமாக உலவுகிறது. செஞ்சிக் கடைத்தெருவில் கேட்டால், குழந்தையின் முகத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாராம். அவலூர்பேட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது ஒரு குடம் ஆகியிருந்தது. மேல்சித்தாமூர்ப் பக்கம் ஐஸ் கட்டியும் சேர்ந்துகொண்டது. இப்படியே விட்டால் பனமலை ஏரியையே குழந்தையின் தலையில் கவிழ்த்துவிடுவார்கள் என்பதால், பட்டறைக்கே நேரில் போய் விசாரிக்க வேண்டியதாயிற்று.

தாவூத் மறுக்கவில்லை.

"ஊத்தல. தெளிச்சேன். கைதட்டுனது உண்மைதான்" என்றார். பிறகு வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்த நாளைப் பற்றிப் பேசுவதென்றால் அவருக்கு வேலையெல்லாம் அப்புறம்தான்.

அப்போது சனோபருக்கு ஒன்றரை வயது. பல் முளைத்தது, தவழ்ந்தது, ஆங்கிள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தது எல்லாம் அந்தந்த மாதத்தில் நடந்தேறின. ஆனால் அதற்கெல்லாம் மேலான ஒரு புகழ் அவளுக்கு இருந்தது. வீடு பட்டறைக்குப் பின்கட்டு. கட்டிங் மெஷின் இரும்பை அறுக்கும்போது தெரு நாய்களே எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். சனோபர் தூளியில் அசையமாட்டாள். இரும்பு கேட்டுக்கு விலை விசாரிக்க வந்தவர்களைத் தாவூத் உள்ளே அழைத்துப் போய்க் காட்டுவார்.

"பட்டறைக்காரன் பொண்ணு. இந்தச் சத்தம்தான் அவளுக்குத் தாலாட்டு."

எதிரில் இட்லிக் கடை வைத்திருந்த தைலம்மாளுக்குப் பொறாமையாகவே இருந்தது. "எனக்கும் நாலு பொறந்துச்சே பாய், ஈ பறந்தா எந்திரிச்சிக்கும்!"

பேச்சு மட்டும் வரவில்லை. அதற்கும் தெருவில் விளக்கம் தயாராக இருந்தது: இந்த இரைச்சலில் பேசி யார் காதில் விழப்போகிறது என்று குழந்தை சும்மா இருக்கிறதாம். ஷட்டரை இழுத்தால் திரும்பிப் பார்க்கிறாளே, போதாதா? ஷட்டர் இழுத்தால் தரையே அதிர்கிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

ஒரு நாள் கரண்ட் போயிற்று. பட்டறை அடங்கிக் கிடந்தது. தாவூதின் மனைவி கமருன்னிசா அலமாரியைத் துடைக்கும்போது எவர்சில்வர் தட்டு கைதவறி விழுந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சனோபர், துணி கிளிப்புகளை டப்பாவில் போடும் காரியத்தை நிறுத்தவில்லை. கமருன்னிசா தட்டை எடுத்து, வேண்டுமென்றே போட்டாள். இன்னொரு தடவையும் போட்டாள்.

தாவூத் ஓடிவந்தார். "இன்னா கமரு, இன்னாத்துக்குத் தட்டப் போட்டு ஒடைக்கிற?"

"வாசல்ல இருந்த நீங்க கேட்டு ஓடியாந்துட்டீங்க. பக்கத்துல இருக்கிறவ திரும்பல, பாருங்க."

செஞ்சி டாக்டரிடம் காட்டியதும், அவர் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். தலையில் ஒயர் ஒட்டிக் காதைச் சோதிப்பார்களாம். குழந்தை அசந்து தூங்கினால்தான் முடியும். முதல் தடவை சனோபர் பஸ்ஸிலேயே தூங்கி முடித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் புத்தம்புதிதாக எழுந்து ஒயர்களைப் பிடுங்கிச் சிரித்தாள். "அடுத்த வாட்டி வழியில தூங்க விடாதீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த தடவைதான் அந்த பஸ்.

செஞ்சியைத் தாண்டுவதற்குள் சனோபருக்குக் கண் செருகியது. தாவூத் கன்னத்தைத் தட்டினார். உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினார். பாட்டில் தண்ணீரைத் தொட்டு முகத்தில் தெளித்தார். குழந்தை வீறிட்டது.

"யோவ் பாய், புள்ளய இன்னா பாடு படுத்துற? தூங்கட்டும் உடுய்யா!" என்றது பின்சீட்டு.

"தூங்கக் கூடாதுங்க. காது டெஸ்ட்டு. இப்பத் தூங்கிட்டா அங்க தூங்காது."

நம் ஜனங்களுக்குப் பொதுக் காரியம் ஒன்று கையில் கிடைத்தால் போதும். கண்டக்டர் வெற்றிவேல் தலைமை ஏற்றார். "அல்லாரும் கைதட்டுங்கப்பா! பாப்பா முழிச்சிக்கினே வரணும்!"

பஸ் கைதட்டியது. ஒருவர் செல்போனில் குத்துப்பாட்டை வைத்தார். ஒருவர் காலி எண்ணெய் டின்னைத் தட்டினார். வெற்றிவேல் குழந்தையின் பின்னால் குனிந்து விசிலை ஊத, டிரைவர் என்னவோ ஏதோ என்று பிரேக்கே போட்டுவிட்டார். அத்தனை கூத்துக்கும் நடுவே சனோபர் அப்பனின் தோளில் மெல்லத் தலையைச் சாய்த்து, நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. குத்துப்பாட்டும் அணைந்தது. விழுப்புரத்தில் சொல்ல வேண்டிய முடிவு பஸ்ஸிலேயே தெரிந்துபோன மாதிரி, யாரும் யாரையும் பார்க்கவில்லை. கமருன்னிசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முன்சீட்டில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு இருந்த பெண்தான் எழுந்தாள். "சத்தம் இன்னாத்துக்கு? கொழந்தய இப்புடிக் குடு." வாங்கித் தன் மடியில் நிற்க வைத்துக் குலுக்கினாள். சனோபர் விழித்தாள். அலுத்துக் கண் சொருகும்போது அடுத்த சீட்டுக்குக் கைமாறினாள். புது மடி, புது முகம், புது மீசை. ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார், ஒருத்தி வளையலை மாட்டிவிட்டாள். இப்படியே கடைசி சீட்டு வரை போய், மறுபக்க வரிசை வழியாக விழுப்புரம் வந்து சேர்ந்தாள், நெற்றியில் யாரோ ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டோடு. "அத்தினி பேர் மடியும் எம் பொண்ணுக்குத் தொட்டிலு" என்று தாவூத் இன்றைக்கும் சொல்கிறார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த ரோட்டில் போய்விட்டார். ஏறியதும் சீட்டு சீட்டாகப் பார்ப்பார். தெரிந்த மடி ஒன்றும் இருந்ததில்லை.

சோதனையில் சனோபர் பாறையாகத் தூங்கினாள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் ரொம்பக் குறைவு, ஆனால் அடியோடு போகவில்லை, காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சு வரலாம் என்றார்கள். 'லாம்' என்பதைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஊர் திரும்பினார்கள்.

காது மெஷின் மாட்டி வந்த மறுநாள், தாவூத் பழக்கதோஷத்தில் கட்டிங் மெஷினைப் போட்டார். சனோபர் அலறிக்கொண்டு அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். தாவூத் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். தைலம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"புள்ள அழுவுது, நீ சிரிக்கிற! மனுசனா பாய் நீ?"

கொடுமைக்காரர் என்ற பட்டம் அன்றைக்குத்தான் உறுதியானது.

பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. தாவூத் 'அத்தா' சொல்லிக் கொடுத்தார், கமருன்னிசா 'அம்மா' சொல்லிக் கொடுத்தாள். சனோபர் ஒரு நாள் காதைப் பொத்திக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்று, கட்டிங் மெஷினைப் பார்த்துச் சொன்னாள்: "நித்து!"

நிறுத்திவிட்டார். இன்றுவரை நிறுத்திக்கொண்டுதான் இருக்கிறார். இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. ஹோம்ஒர்க் எழுதும் நேரத்தில் பட்டறை ஓடக் கூடாது என்பது உத்தரவு. திட்டினால் இரண்டு காது மெஷினையும் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கோட்டை மலையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். திட்டு வீணாகிறது.

ஒரே ஒரு குறை தாவூதுக்கு. விழுப்புரத்தில் சோதனை அறையில் ஒயர் வைக்க அந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்தெடுத்துக் கமருன்னிசாவின் கையில் பத்திரமாக ஒட்டிவைத்த பெண், ஜெயசுதா என்று பேர், கிளம்பும்போது கேட்டிருந்தாள்: "மொதல்ல இன்னா பேசுறான்னு எனக்கு வந்து சொல்லணும், சரியாண்ணா?" சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தார். "நித்து" வந்த வாரமே மகளைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த அறையில் வேறு ஒருவர் இருந்தார். ஜெயசுதா கல்யாணமாகிப் போய்விட்டாளாம். கடலூர் என்றார் ஒருவர், ஓசூர் என்றார் இன்னொருவர்.

சேதி இன்னும் தாவூதிடமே இருக்கிறது.