நல்ல தண்ணீர் உள்ள வீடு

கற்பிட்டிப் பக்கத்தில், எங்கள் எத்தாளையில் புதிதாக ஒரு வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் முதலில் கிணற்றடிக்குத்தான் போவார்கள். அறை எத்தனை, கூரை ஒழுகுமா என்பதெல்லாம் பிறகு. ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி, ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பின் உப்புத்தண்ணீர், நடுவில் மணல். நாக்கில் வைக்கக்கூடிய தண்ணீர் சில கிணறுகளில்தான் கிடைக்கும். மற்றவர்கள் குடிதண்ணீரைக் கேனில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நானும் என் சிநேகிதியும் கொழும்பில் வீடு தேடியபோதும் அந்தப் பழக்கத்தோடுதான் தேடினோம்.

அவளும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஓலெவல் வரை ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவளுக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் நடந்தது. மகள் பிறந்த மூன்றாம் வருடம் புருஷன் விட்டுப் போனார். பிள்ளையைத் தன் உம்மாவிடம் கொடுத்துவிட்டு சவூதிக்குப் போனாள். இடையில் வந்து வந்து போனதையும் சேர்த்தால் பதினெட்டு வருடம் மற்றவர்களின் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த உழைப்பில் நுரைச்சோலையில் ஒரு கல்வீடு கட்டி, எங்கள் வழக்கப்படி அதை மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்தாள். கடைசியாகத் திரும்பி வந்தபோது அவளுக்கு முழங்கால் வலி இருந்தது, இருக்க ஒரு வீடு இல்லை. மகள் வீட்டு முன்னறையில் பாயை விரித்துப் படுத்தாள்.

"இனிப் போகமாட்டன் புள்ள," என்று என்னிடம் சொன்னாள். "அந்தக் குசினி வாசம் இன்னும் மூக்க விட்டுப் போகல்ல. கஞ்சி குடிச்சாலும் இங்கதான்."

கையில் மிச்சம் இருந்ததைப் போட்டு மின்சாரத்தில் ஓடும் தையல் மெஷின் இரண்டு வாங்கினாள். கொழும்பு புறக்கோட்டையில் பெண்கள் போடும் அபாயா விற்கும் கடை ஒன்றில், வெட்டிய துணியைத் தருகிறோம், தைத்துத் தாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் காலையில் கொடுத்ததை மறுநாள் கேட்பார்கள். எத்தாளையில் இருந்துகொண்டு அது நடக்காது. எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. தம்பி வீட்டுப் பின்னறையில் இருபத்தைந்து வருடமாகத் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னையும் கூப்பிட்டாள்.

"நீ தை. கதைக்கிறதெல்லாம் நான் பாத்துக்கொள்றன். நீ வாயே தொறக்க வேணாம்."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் மணியடிக்க வெட்கப்பட்டு, அடுத்தவர் யாராவது அடிக்கும்வரை இருந்து, அங்கே இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வருகிறவள் நான். இது அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

மெஷின்கள் ஓடினால் அவள் இங்கே இருப்பாள். ஓடாவிட்டால் மறுபடியும் வெளிநாடுதான். இதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்த அடுத்த கிழமை கொழும்புக்குப் போனோம். கற்பிட்டியிலிருந்து போய் அங்கே நெடுங்காலமாக ஓட்டோ ஓட்டுகிற ஒருவர் எங்களை வீடு வீடாகக் கூட்டிப் போனார். அண்ணன் முறை வைத்து, நானா என்றுதான் இரண்டு பேரும் அவரைக் கூப்பிட்டோம். முதலில் பார்த்த வீட்டில் வீட்டுக்காரம்மா கதவில் நின்றபடியே கொழும்புப் பேச்சில் கேட்டார்.

"ஆம்புள யாரு ஈக்கிற?"

"ரெண்டு மெஷின் இருக்கு மாமி," என்றாள் என் சிநேகிதி. "அதுகள்தான் எங்கட ஆம்பிளையள். நல்லா உழைக்கும். கொஞ்சம் சத்தம் போடும்."

நானா ஓட்டோவில் சாய்ந்து சிரித்தார். வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. கதவு சாத்தப்பட்டது. அப்படி நாலைந்து கதவுகள்.

பிறகு தெமட்டகொடையில் ஒரு மேல்வீட்டைக் காட்டினார். பெரிய அறை ஒன்று, சின்னக் குசினி, இரண்டு பக்கமும் யன்னல். வீட்டுக்காரம்மா நல்லவர். தேத்தண்ணீர் தந்தார். மெஷின் சத்தம் ஒரு பிரச்சினை இல்லை, மாலை மஃரிபுக்குப் பிறகு மட்டும் நிறுத்துங்கள் என்றார். என் சிநேகிதி யன்னலடியில் நின்று கையை விரித்து அளந்தாள்.

"ஒண்டு இங்க. மத்தது அங்க. வெளிச்சம் பாரு புள்ள, லைட்டே தேவயில்ல."

நான் படிக்கட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே ஏறும் படி கீழ்வீட்டுக் கூடத்துக்குள்ளிருந்துதான் தொடங்கியது. கூடத்தில் வீட்டுக்காரரும் வளர்ந்த இரண்டு மகன்மாரும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஏறும்போது மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மரியாதையாகத்தான் பார்த்தார்கள். வீட்டுக்காரர் கால்களை மடக்கி வழிகூட விட்டார். ஆனால் பேக்கரியில் பாண் வாங்கப் போனாலும், குப்பை கொண்டுபோனாலும், ஒவ்வொரு தடவையும் அந்தக் கூடத்துக்குள்ளால், அந்த மூன்று ஆண்களுக்கு முன்னால், சலாம் சொல்லி நடக்க வேண்டும். அதை நினைத்தே முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "மேல தண்ணி ஏறாது போல இருக்கு."

"டாங்கி இருக்கெண்டு அந்த மனிசி சொன்னாவே?"

நான் போய் ஓட்டோவில் ஏறிக்கொண்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி. இன்னும் ஒண்டு பாப்பம்," என்றாள்.

அந்த இன்னொன்று வெல்லம்பிட்டிப் பக்கம், ஒடுங்கிய தெரு ஒழுங்கை ஒன்றின் கடைசியில் இருந்தது. தரைவீடு. வாசல் தனி. இரண்டு அறை, பின்னால் குசினி, அதற்கும் பின்னால் ஆற்றுக்குப் போகும் ஒரு வாய்க்கால். வாசலைக் கண்டதுமே எனக்கு மூச்சு வந்தது. குசினிக் குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் குடித்தேன். அது கொழும்பு முழுவதும் வருகிற தண்ணீர்தான். மேல்வீட்டிலும் இதே தண்ணீர்தான் வந்திருக்கும். அதை நான் யோசிக்கவில்லை, அல்லது யோசிக்க விரும்பவில்லை.

"இந்தத் தண்ணியக் குடிச்சிப் பாரு," என்றேன். "உப்பே இல்ல. இதையே எடுப்பம்."

அவள் ஆச்சரியமாகத் திரும்பினாள். "அல்லாஹ்! வாய் தொறந்திட்டாளே. நானா, கேட்டீங்களா? இவ ஒரு வீட்டப் புடிச்சிருக்கெண்டு சொல்றா. இனி நான் என்னத்தச் சொல்ல?"

வீட்டின் சுவர்களுக்கு இளநீலச் சாயம் பூசியிருந்தார்கள். கீழிருந்து இடுப்புயரம் வரை அது பொருக்குப் பொருக்காக உரிந்து, உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் களப்பை அண்டிய வீடுகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். நிலத்து உப்பு சுவரில் ஏறிப் பூத்து, எத்தனை தடவை பூசினாலும் சாயத்தைத் தள்ளிவிடும். என் சிநேகிதி அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"இங்கயும் எங்கட ஊர் மாதிரித்தான்," என்றாள்.

நானும் தலையாட்டினேன். குழாயில் இனிப்பான தண்ணீரும் கடலிலிருந்து அவ்வளவு தூரமும் உள்ள இடத்தில் சுவரில் உப்பு எங்கிருந்து வரும் என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாவியை எடுத்து நீட்டினார்.

ஏழு மாதம் அங்கே இருந்தோம். என் வாழ்க்கையில் அந்த ஏழு மாதத்தைப் போல ஒன்று முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சுபஹு தொழுதுவிட்டு மெஷினில் அமர்ந்தால் பத்து மணிவரை ஒருவரோடொருவர் பேச மாட்டோம். இரண்டு மெஷினும் ஒன்றையொன்று துரத்துவது போல ஓடும். பிறகு அவள் தைத்ததை மடித்துப் பையில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். திரும்பி வரும்போது கடைக்காரரின் கதை, பஸ்ஸில் நடந்த சண்டை, யாரோ ஒருத்தியின் புது அபாயாவின் கை வடிவம் எல்லாவற்றையும் கொண்டுவருவாள். கடை முதலாளி எப்படித் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிவார் என்று நடித்துக் காட்டுவாள். நான் வயிறு நோகச் சிரிப்பேன். முழங்கால் வலி குறைந்துவிட்டது என்றும் சொன்னாள்.

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் வாய்க்கால் நிரம்பி, குசினிப் படியில் தண்ணீர் நின்றது. ஒழுங்கையில் ஆட்கள் மெத்தையும் அலுமாரியும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"கொழும்பு ஆக்களுக்கு மழை ஒரு அதிசயமாக் கிடக்கு," என்றாள் என் சிநேகிதி.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் மணலில் எவ்வளவு பெய்தாலும் மழை விட்ட அரை மணித்தியாலத்தில் நிலம் குடித்துவிடும். நாங்கள் துணி மூட்டைகளைக் கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டு மீண்டும் தைக்க இருந்தோம்.

பத்து மணியளவில் பக்கத்து வீட்டுப் பெண் வாசலுக்கு வந்து சத்தம் போட்டாள். "ராத்தா, என்ன செய்றீங்க? சாமானத் தூக்குங்க! ஆறு ஒடச்சிக்கி வருதாம்!"

"கட்டில்ல வச்சிட்டம் புள்ள."

"கட்டிலா? போன தடவ இந்த வீட்டுக்குள்ள தண்ணி இவ்வளவுக்கு வந்த!"

அவள் தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினாள். நான் சுவரைப் பார்த்தேன். சாயம் உரிந்திருந்ததும் அதே உயரம்தான். என் சிநேகிதியும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மெஷினைக் கழற்றித் தைக்கும் தலையை மட்டும் எடுக்கலாம், ஆனால் அதை ஓட்டுகிற மோட்டார் மேசைக்குக் கீழே பூட்டியிருந்தது. அவள் தண்ணீருக்குள் குந்தி ஆணியைத் திருக, நான் மேசையைப் பிடித்தேன். ஆணி துருப்பிடித்து இறுகியிருந்தது. நண்பகல் லுஹர் பாங்கு கேட்கும்போது தண்ணீர் எங்கள் தொடைவரை வந்துவிட்டது. யாரோ படகு கொண்டுவந்து, மெஷின்களை விட்டுவிட்டு உடனே ஏறுங்கள் என்று ஏசினார்கள். வெட்டிய கறுப்புத் துணிகள் கட்டிலிலிருந்து எழும்பி அறை முழுக்க மிதந்தன.

படகில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்கட வாப்பா வள்ளத்துல ஏறச் சொல்லி எத்தின தரம் கூப்பிட்டிருப்பாரு. மீன் நாத்தமெண்டு நான் ஏறவே இல்ல. பாரு, கொழும்புக்கு வந்து ஏறுறன்." படகிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கையை மட்டும் விடவில்லை.

ஆறு நாள் பள்ளிவாசல் மேல்மாடியில் இருந்தோம். திரும்பிப் போனபோது வீடு முழுக்கச் சேறு. மெஷின் திருத்துகிறவர் வந்து இரண்டையும் திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். கடைக்காரர் துணியைப் பற்றி ஏசவில்லை. ஆனால் அடுத்த பெருநாள் வேலை தொடங்கவிருந்தது, அதை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். அவர் மீது குறை சொல்ல முடியாது.

என் சிநேகிதி ஒரு கிழமை முழுக்கச் சேறு கழுவினாள். பிறகு ஒரு நாள் காலையில் குளித்து, நல்ல அபாயாவைப் போட்டுக்கொண்டு, பாஸ்போட்டைக் கைப்பையில் வைத்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. மாலையில் வந்து, "குவைத்தாம். ரெண்டு வருஷம். வயசு கூட எண்டாங்க, பிறகு சரியெண்டாங்க," என்றாள். தேத்தண்ணீர் ஊற்றினேன். அவள் முழங்காலைத் தடவிக்கொண்டு குடித்தாள்.

எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்கள் போவதற்கு முன் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் போய், செய்த பிழைகளைப் பொறுக்கச் சொல்லிப் பொறுப்புக் கேட்பார்கள். திரும்பி வருவது நம் கையில் இல்லை, அதனால் யாருடைய மனத்தாங்கலும் மிச்சம் இருக்கக் கூடாது என்று. அவள் ஊருக்குப் போய் மகளிடம், மருமகனிடம், சண்டை பிடித்த மச்சியிடம் எல்லாம் கேட்டுவிட்டு வந்தாள். கடைசியாக விமான நிலையத்தில், பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும் இடத்தில், என் பக்கம் திரும்பினாள்.

"புள்ள, நான் ஏதும் பேசியிருந்தா, ஏசியிருந்தா பொறுத்துக்க."

"பொறுத்தன்," என்றேன்.

வழக்கப்படி அடுத்ததாக நான் கேட்க வேண்டும். அவளும் அதற்காகத்தான் நின்றாள் என்று நினைக்கிறேன். அந்த மேல்வீட்டில் தண்ணீர் ஏறும் என்று எனக்குத் தெரியும், ஆண்களுக்கு முன்னால் நடக்க வெட்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னேன், என்னைப் பொறுத்துக்கொள் என்று. சொற்கள் எல்லாம் வரிசையாகத் தொண்டைவரை வந்தன. சுற்றிலும் சனம் நின்றது. பின்னால் நின்ற ஒருவர், "ராத்தா, கொஞ்சம் வழி விடுங்க," என்றார். நான் வெட்கப்பட்டு விலகினேன். அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

இப்போது நான் ஊரில், தம்பி வீட்டுப் பின்னறையில், பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறேன். அவள் வெள்ளிக்கிழமைகளில் குவைத்திலிருந்து போன் எடுப்பாள். இன்றைக்குப் பொறுப்புக் கேட்டுவிட வேண்டும் என்று காலையிலிருந்தே மனதில் சொல்லிப் பார்ப்பேன். அவளுக்குப் பேசக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். எசமானியின் சமையலை, அந்த வீட்டுப் பிள்ளைகளின் குழப்படியை நடித்துக் காட்டுவது போலச் சொல்லுவாள். கால் எப்படி என்றால், பரவாயில்லை என்பாள். பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்பாள்.

"ஓம்," என்பேன். அவள் சரி என்று வைத்துவிடுவாள்.