அட்டையில் அவர் முகம், உள்ளே அந்த அம்மாவின் நாயனம்

பெரிய நாயனக்காரர். இரண்டாம் நாயனம் வாசிக்கும் அம்மா. கைத்தாளம் போடுகிறவர். ஆல்பம் போடும் கடைக்காரர். தவிலோடு நான்.

போன வருஷம் ஆடி மாதம், வேங்கிக்காலில் ஒரு மாடி அறையில் பாட்டுப்பதிவு. அண்ணாமலையார் மேல் எட்டுப் பாட்டு. பென் டிரைவில் ஏற்றிக் கிரிவலப் பாதையில் விற்கத் திட்டம். அட்டையில் பெரியவர் படம் முன்னமே அச்சாகிவிட்டது.

முதல் பாட்டு முடிந்ததும் பெரியவர் நாயனத்தைக் கீழே வைத்துவிட்டார். முந்தின நாள் பல் பிடுங்கியிருந்தார். உதடு வீங்கி, வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கவ்வ முடியவில்லை.

"நீ வாசிம்மா" என்றார்.

மீதி எல்லாம் அந்த அம்மாதான். என் கை தானாகப் போயிற்று. அப்படி ஒரு வாசிப்பு.

"அட்டையில இவங்க பேரையும் போடுங்க" என்றார் பெரியவர்.

"அச்சடிச்சாச்சுங்கண்ணா. உங்க மூஞ்சியப் பாத்துதான் வாங்குவாங்க. வேற பேரு போட்டா கம்மியாதான் போவும்" என்றார் கடைக்காரர்.

"உடுங்கண்ணா" என்று அந்த அம்மா நாயனத்தைத் துடைத்தார். பேர் வெளியே தெரிந்தால்தான் ஆவணி முகூர்த்தத்துக்கு அவரைத் தனியாக யாராவது கூப்பிடுவார்கள். இல்லையென்றால் கடைசிவரை இரண்டாம் நாயனம்தான். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

பௌர்ணமி சாயங்காலம் அடி அண்ணாமலையில் கடை முன்னால் பந்தல். ஆல்பம் வெளியீடு. பெரியவருக்கு மாலை போட்டார்கள். அவர் உதடு ஆறியிருந்தது. ஆல்பத்தில் உள்ளதை வாசிக்கச் சொன்னார்கள்.

அவர் மைக்கைப் பிடித்தார்.

"அட்டையில இருக்கிறது என் மூஞ்சி. உள்ள இருக்கிற மூச்சு இந்தம்மாவோடது."

"அண்ணா, என் வியாபாரம்!" என்றார் கடைக்காரர்.

"ஜாஸ்தியாவே விக்கும், சும்மா இரு."

மாலையைக் கழற்றி அந்த அம்மா கையில் கொடுத்துத் தன் இடத்தில் உட்கார வைத்தார். தாளக்காரரிடம் போனார். "நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வா" என்று தாளத்தை வாங்கிக்கொண்டார். செட்டில் கடைசி ஆள் பிடிக்கிற தாளம் அது.

தவில்காரன் கண் முதல் நாயனத்தின் மேல்தான் இருக்கும். அன்று அந்த அம்மாவைப் பார்த்து வாசித்தேன். பக்கத்தில் பெரியவர் பிசகாமல் தாளம் போட்டார். நடந்து போனவர்கள் நின்றார்கள். ஒருவர் மகள் கல்யாணத்துக்கு என்று அந்த அம்மாவின் போன் நம்பர் வாங்கினார்.

பெரிய மனுஷன் யார் என்று கேட்டால் எனக்கு அந்தச் சாயங்காலம்தான் வருகிறது. ஆல்பத்தில் அவர் வாசித்தது எத்தனை பாட்டு என்று கேட்பவர்களிடம் நானும் மறைப்பதில்லை. அவரே மறைக்கவில்லையே.

ஒன்று.