டிஸ்ப்ளே போயிருச்சாம்

நான் சொன்ன பொய்களிலேயே திருத்தமாகச் சொன்னது, நான்காம் வகுப்பு படிக்கையில் எங்கள் வீட்டு டேப்லட்டைப் பற்றிச் சொன்னதுதான். வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது திக்குகிற நாக்கு அன்றைக்கு ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

அந்த டேப்லட் அப்பா சவுதியிலிருந்து லீவில் வந்தபோது வாங்கி வந்தது. அவர் திரும்பிப் போனபின் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அதில்தான் எங்களுக்கு முகம் காட்டுவார். அரிசி டின்னில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு நானும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்துகொள்வோம். ஒருநாள் திரையில் பச்சையாக ஒரு கோடு விழுந்தது. மறுவாரம் நாலைந்து கோடுகள். அப்பாவுக்கு நாங்கள் முழுசாகத் தெரிந்தோம். எங்களுக்கு அவருடைய மூக்கு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அம்மா சிரிப்பாள். சிரித்துக்கொண்டே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள்.

அவளுக்குத் தறிக்கூடத்தில் நூலைத் தாரில் சுற்றும் வேலை, பகலில் நகர முடியாது. அதனால் ஒரு சனிக்கிழமை கோயில் வாசலுக்குப் பக்கத்திலிருந்த ரிப்பேர் கடைக்கு என்னை அனுப்பினாள். கடைக்கார அண்ணாச்சி மூடியைக் கழற்றி, திரைக்குப் போகும் பட்டையான ஒயரை விரலால் லேசாக அமுக்கினார். கோடுகள் மறைந்தன. விரலை எடுத்ததும் திரும்ப வந்தன.

“டிஸ்ப்ளே நல்லாத்தான்ட்டி இருக்கு. இந்த ஒயருதான் கோளாறு. மாத்துனா சரியாயிரும், புதுசெல்லாம் வேண்டாம். அம்மாட்ட போய்ச் சொல்லு.”

“கேட்டுட்டு வாரேன்” என்று டேப்லட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

என்னோடு படித்தவள் ஒருத்தி வீட்டில் புது போன் இருந்தது. கார் ஓட்டும் கேம் அதில் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் டேப்லட்டில் அதே கார் நகர்வதற்குள் நான் ஒரு முறுக்கைத் தின்று முடித்துவிடலாம். ஒயரை மாற்றினால் கோடு போகும், மந்தம் போகுமா? வீட்டுக்கு வருவதற்குள் முடிவெடுத்துவிட்டேன்.

“டிஸ்ப்ளே போயிருச்சாம். பழைய மாடலாம், சாமான் வராதாம். புதுசு வாங்குறதுதான் நல்லதுன்னு சொல்லுதாரு.”

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா கேட்டார், “வேற கடையில காட்டிப் பாத்தியாட்டி?”

“மூணு கடையில காட்டியாச்சுப்பா. எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க.”

கோடுகளுக்கு நடுவில் அவர் முகம் என்ன ஆயிற்று என்று நான் கவனிக்கவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் புது போன் வந்துவிடுமா என்பதுதான் என் கவலை.

வந்துவிட்டது. அப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருந்த கடையநல்லூர் மாமா லீவில் வந்தார். பேரீச்சம்பழத்தோடும் தைல பாட்டில்களோடும் ஒரு போனையும் எடுத்து வைத்தார். “எங்கிட்ட குடுத்துட்டு, ரெண்டு தடவ திரும்ப வாங்கிப் பாத்துட்டுத்தான் குடுத்தாரு உங்கப்பா. பத்திரமா வச்சுக்க மக்கா” என்றார்.

அட்டைப்பெட்டி இல்லை, துண்டில் சுற்றியிருந்தது. ஓரத்தில் ஒரு கீறல் வேறு. அப்பாவைக் கடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று அம்மாவிடம் குறைப்பட்டேன். அவள் அந்தக் கீறலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அப்பாவின் குரல் மட்டும் வந்தது. “ரூம்ல நெட்டு சரியில்ல மக்கா” என்பார். கோடே இல்லாத நல்ல திரை எங்களிடம் இருந்தது, அதில் பார்க்க அவர் இல்லை. ஒன்றரை வருஷம் கழித்து அவர் ஊருக்கு வந்து இறங்கியபோது சட்டைப்பையில் ஒரு பட்டன் போன் இருந்தது. அவ்வளவு நாளும் அவர் எங்களைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு ஒயர், அவ்வளவுதான். இப்போதும் நினைத்தால் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது. அண்ணாச்சி சொன்னதை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

ஆனால் அதைவிட என்னைத் தின்பது வேறொன்று. போன் வந்த இரண்டாவது வாரமே இடம் போதவில்லை என்று கேம் முரண்டுபிடித்தது. படங்கள் இருந்த இடத்தைத் திறந்தேன். எல்லாம் நாங்கள்தான். அரிசி டின்னுக்கு முன்னால் நானும் அம்மாவும், வாரா வாரம். முன்பல் விழுந்த நான், ரெட்டைச்சடை போட்ட நான், வாய் நிறையச் சோற்றோடு நான். ஓரத்துச் சின்னக் கட்டத்தில் அப்பா. புது போனுக்குள் இவை எப்படி வந்தன என்று யோசிக்கத் தோன்றவில்லை. ஒன்றிலும் நான் அழகாக இல்லை என்று மட்டும் தோன்றியது. மொத்தத்தையும் அழித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா சொன்னார், “அதுல கொஞ்சம் படம் கெடக்கும் மக்கா. அப்படியே வச்சிரு, ஊருக்கு வரும்போது பாத்துக்கிடுதேன்.”

“அழிச்சிட்டேம்ப்பா. கேமுக்கு எடம் பத்தல.”

பேச்சு நின்றுவிட்டது. நான் போனை உதறி, “அப்பா? கேக்குதா? ஹலோ?” என்று கத்தினேன்.

“கேக்குது மக்கா” என்றார். “இப்பம் கேம் நல்லா ஓடுதா?”

“சூப்பரா ஓடுதுப்பா” என்றேன். அவர் ரூமில் நெட்டு உண்மையிலேயே சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.