எண்ணிக்கையில் வராத முதல் வரி

பலாங்கொடையிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பஸ்ஸில் சுரேந்திரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், இறங்குவதற்குள் பாதி கம்பியூட்டர் பாடம் படித்திருப்பார். கேட்கவே வேண்டாம், சுரேந்திரன் தானாகச் சொல்வார். "இந்த வாய் மட்டும் இல்லேன்னா நான் எங்கயோ போயிருப்பேன்" என்று சொல்லிச் சிரிப்பவரும் அவர்தான்.

அந்த வாய்தான் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்த வேலையையும் விட வைத்தது. போனிலேயே வீடியோ பார்த்து பைத்தன் என்ற கம்பியூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டவர், ஒரு நாள் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயாவின் முன்னால் போய் நின்று, "இனிமே நமக்கு மூளை வேலைதாங்க" என்று அறிவித்துவிட்டு வந்தார்.

"வேலை கெடைச்சதுக்கு அப்பறம் இதச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மனைவி துஷ்யந்தி.

"கெடைக்காமலா போகும்?"

டவுனில் கம்பியூட்டர் வகுப்பு நடத்தும் ரஹ்மா மிஸ் ஒரு வாத்தியாரைத் தேடிக்கொண்டிருந்தார். "ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்க. பிள்ளைகளுக்கு வெளங்கினா வேலை உங்களுக்கு. இல்லாட்டி குறை நினைக்க வேணாம்" என்றார். விளங்காவிட்டால் மறுபடி டீமேக்கர் ஐயாவிடம் போய்த் தலையைச் சொறிய வேண்டும். ஐயா ஒன்றும் திட்டமாட்டார். "மூளை எப்படி இருக்கு?" என்று மட்டும்தான் கேட்பார். அதற்குத் திட்டே தேவலை.

பாடத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது லிஸ்ட். அதில் அவருக்குப் பெரிய பெயரே இருந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எந்த நாள் பூசை எந்தக் குடும்பத்துடையது என்று சொல்லும் புரோகிராமை எழுதியவர் அவர்தான். நாளைத் தட்டினால் பெயர் வரும். ஒரு முறைகூடப் பிழைத்ததில்லை.

"லிஸ்ட்னா நம்ம லயம் மாதிரி" என்று, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை அறைகளை வைத்துத் தொடங்கினார். "வரிசையா காம்பரா. நம்பரச் சொல்லிக் கதவத் தட்டினா உள்ள இருக்கிற ஆளு வெளிய வருவாரு." திருவிழாப் பட்டியலைத் திரையில் தட்டினார். சதுர அடைப்புக்குள் ஒன்று போட்டார், முதல் குடும்பம் வந்தது. நான்கு போட்டார், நான்காவதாக இருந்த கடைசிக் குடும்பம் வந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே தங்கள் லிஸ்ட்டைத் தட்டினார்கள். அவர்களுக்கும் வந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ரஹ்மா மிஸ் தலையாட்டினார். சுரேந்திரன் மனதுக்குள் டீமேக்கர் ஐயாவுக்கு ஒரு கும்பிடு போட்டார், போய்வாங்க என்று.

"சேர், என்ட சீனியக் காணல்ல."

சொன்னவர் யும்னா, டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்பவர். அவருடைய லிஸ்ட்டில் சீனி, பருப்பு, தேயிலை, உப்பு. ஒன்று போட்டால் பருப்பு வருகிறது. நான்கு போட்டால் ஒன்றுமே வரவில்லை, சிவப்பு எழுத்தில் திட்டுத்தான் வருகிறது.

"எங்கயோ பிழையா அடிச்சிருக்கீங்க, தள்ளுங்க" என்று சுரேந்திரன் கீபோர்டை வாங்கி, அடைப்புக்குள் ஒன்றையும் நான்கையும் தானே மறுபடி தட்டினார். பருப்பு. சிவப்புத் திட்டு.

"நீங்க அடிச்சாலும் பருப்புத்தான் சேர்."

வகுப்பு சிரித்தது. ரஹ்மா மிஸ் சிரிக்கவில்லை. "உங்கட லிஸ்ட்டையும் இவட லிஸ்ட்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்களேன்" என்றார்.

வைத்தார். பார்த்தார். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. யும்னாவுக்குத்தான் தெரிந்தது. "உங்கட லிஸ்ட்ல எல்லாருக்கும் மேல 'உ' எண்டு ஒருத்தர் ஈக்கிறாரே, அவர் யாரு சேர்?"

"அது… பிள்ளையார் சுழிங்க."

தோட்டத்தில் எழுதுகிற எதற்கும் தலையில் அதுதான் விழும், கடைக்குச் சாமான் எழுதினாலும்கூட. கை தானாகப் போடும், கண் தானாகத் தாண்டிவிடும், யாரும் எண்ணுவதில்லை. கம்பியூட்டர் எண்ணியிருக்கிறது. சாமிக்கும் ஒரு காம்பரா கொடுத்து, அதுவும் தலைக்காம்பராவைக் கொடுத்து, பூச்சியம் என்று நம்பரும் போட்டிருக்கிறது. சுரேந்திரனைப் பார்த்துச் சுழி போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சரியாக வந்ததும் அதனால்தான். யும்னா முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அவர் யும்னாவின் அடைப்புக்குள் பூச்சியம் போட்டார். சீனி வந்தது.

எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்கும் என்று எந்தப் பாடத்திலும் முதல் வீடியோவிலேயே சொல்லிவிடுவார்கள். அதைச் சின்னப் பிள்ளைகளுக்கானது என்று தாண்டிப் போன மேதை அவர். 'உங்களச் சோதிக்கத்தான் அப்படிச் செஞ்சேன்' என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வழக்கமாக அந்த நாக்கு யாரிடமும் அனுமதி கேட்காது. அன்று என்னவோ தடுக்கிவிட்டது.

"எனக்கே இப்பத்தாங்க தெரியும்" என்றார். "இவ்வளவு நாளும் சாமி புண்ணியத்துல ஓடியிருக்கு."

இந்த முறை ரஹ்மா மிஸ்ஸும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியபோது சுரேந்திரன் பையைத் தேடினார்.

"எங்க போறீங்க? மணி அடிக்கல்லயே" என்றார் மிஸ்.

திரும்பி வந்து, மைனஸ் ஒன்று போட்டால் கடைசியில் இருப்பது வரும் என்று காட்டினார். திருவிழாவுக்குக் கடைசிக் குடும்பம் வந்தது, யும்னாவுக்கு உப்பு வந்தது. யும்னா விடவில்லை. "முன்னால பூச்சியத்துல தொடங்கினா, பின்னால மட்டும் ஏன் ஒண்டுல தொடங்குது?"

சுரேந்திரன் கேள்வியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். "தெரியலைங்க. படிச்சிட்டு வந்து சொல்றேன்."

"எப்ப வந்து?" என்றார் ரஹ்மா மிஸ்.

"நீங்க வரச் சொன்னா."

"சனிக்கிழமை வாங்க. எல்லாச் சனியும் வாங்க. ஆனா விடை இல்லாம வந்தா யும்னா விடமாட்டா."

பஸ்ஸில் ஏறி உட்காரும் முன்பே துஷ்யந்தியின் அழைப்பு. "என்னாச்சுங்க? கெடைச்சிருச்சா?"

"கெடைச்சிருச்சு. அப்பறம் பேசறேன், கொஞ்சம் வைய்யி. சிக்னல் போறதுக்குள்ள ஒண்ணு படிக்கணும்."

பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர் அன்று பாடம் இல்லாமலே ஊர் போய்ச் சேர்ந்தார்.