சுவரைப் பார்த்துத் திரும்பிய கண்ணாடி

என் சித்தி ஊரார் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்தவள். சொந்தமாக ஒரு ஜன்னல்கூட இல்லாதவள். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுக்கும்போதே, "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க" என்று சொல்லிவிடுவார். சித்தியும் காலண்டரை மேசைமேல் படுக்கப்போட்டுத்தான் தேதி பார்ப்பாள்.

திரைக்கடையில் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வர மாட்டாள். அடுத்த தெருவில் ஒரு பழம்பொருள் கடை இருந்தது. தலைமுறை தலைமுறையாக நடக்கிற கடை. உள்ளே பித்தளை விளக்குகள், பீங்கான் பறவைகள், ஆளுக்கொரு மணி காட்டும் சுவர்க்கடிகாரங்கள். மேற்கு ஜன்னலில் நுழைகிற வெயிலில் தூசி பொன்னாக மிதக்கும். அங்கே போனால் என்ன கிழமை என்பதே மறந்துவிடும். கடைக்காரர் தலை நிமிர்ந்தால், "சும்மா பாத்துட்டுப் போறேண்ணே" என்பாள். நாளடைவில் அவர் அவளுக்கு வைத்த பெயரே 'சும்மா தங்கச்சி'.

சும்மாவா பார்த்தாள்? குடித்தனமே நடத்தினாள். இந்த நாற்காலி கூடத்துக்கு, அந்தப் பூச்சாடி ஜன்னலோரத்துக்கு என்று மனசுக்குள் இடம் ஒதுக்குவாள். யாரும் பார்க்காதபோது பூச்சாடியைக் கொஞ்சம் நகர்த்தியும் வைப்பாள். கடைசியில் ஒரு முட்டை வடிவக் கண்ணாடி முன்னால் வந்து நிற்பாள். கொடி செதுக்கிய மரச்சட்டம். ஓரத்தில் ரசம் போயிருந்தது. அதற்குள் பார்த்தால் கடை மறைந்துபோய், விளக்குகள் எரிகிற பெரிய வீடு ஒன்று தெரியும். நடுக்கூடத்தில் சித்தி நிற்பாள். ஒருமுறை என்னைக் கூட்டிப்போய் நிறுத்தி, "பாரு, இதான் நம்ம வீடு" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஊர்ல ஆம்பளைங்கதான் சின்ன வீடு வச்சிருப்பானுங்க. இங்க இவ வச்சிருக்கா" என்று பஸ் ஓட்டுகிற சித்தப்பா கேலி செய்வார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். விற்ற பொருளை, வாங்கியவர் எடுத்துப்போகும்வரை சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார் கடைக்காரர். அடுத்தவர் பொருளைப் பார்த்து இன்னொருவர் ஆசைப்படக் கூடாதாம். ஒரு சாயங்காலம் சித்தி உள்ளே போனபோது, கண்ணாடி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

கேட்க வாய் வரவில்லை. சும்மா பார்க்க வந்தவள் எந்த உரிமையில் கேட்பது? வீட்டுக்கு வந்து, யார் வீட்டுக்கோ தைத்துக்கொண்டிருந்த திரையில் முகத்தைப் புதைத்து அழுதாள். சித்தப்பா கேலியையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு அவளைக் கையோடு கடைக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"யாருண்ணே வாங்கினது?" என்று சித்தியே கேட்டாள்.

"நீதாம்மா" என்றார் கடைக்காரர். "மத்தியானம் ஒருத்தர் இதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னார். வித்துப்போச்சுன்னு சொல்லித் திருப்பி வச்சிட்டேன். இத்தனை வருஷமா இது முன்னாடி நிக்கிறவ நீ. வேற யாருக்குக் குடுப்பேன்?"

விலையில் மட்டும் சண்டை வந்தது. அவர் குறைக்கப் பார்த்தார், சித்தி கூட்டப் பார்த்தாள். அப்படியொரு பேரத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ஆணி அடிக்க முடியாதே, அதனால் வீட்டில் தையல் மேசைமேல் சாய்த்து வைத்தார்கள். மறுநாள் காலையில் சித்தி ஆசையாக அதன் முன்னால் போய் நின்றாள். உள்ளே வெறும் சுவர், மடிக்காத திரைக்குவியல், நடுவில் தூக்கம் கலையாத அவள் முகம். இடப்பக்கம் நகர்த்தினாள், வலப்பக்கம் நகர்த்தினாள், விளக்கைப் போட்டும் பார்த்தாள். அந்த வீடு வரவேயில்லை.

அன்று சாயங்காலமே கண்ணாடியைப் போர்வையில் சுற்றி, சித்தப்பாவின் தோளில் ஏற்றிவிட்டாள்.

"பிடிக்கலையாம்மா?" என்றார் கடைக்காரர்.

"பிடிச்சதாலதான் கொண்டாந்தேன். பணம் திருப்பித் தர வேணாம். பழைய இடத்துலயே இருக்கட்டும், நான் வந்து பாத்துக்கறேன்."

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"வித்த பொருளாச்சே. திருப்பியில்ல வைக்கணும்?" என்றார் கடைக்காரர்.

"அப்ப நான் அதோட முதுகுப் பலகையையா பாத்துட்டு நிக்கிறது?"

கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு சுத்தியலையும் ஆணியையும் எடுத்து அவளிடம் நீட்டினார். "எங்க வேணுமோ நீயே அடிச்சுக்கோ."

சித்தி வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஆணி அடித்தாள். கோணலாகத்தான் இறங்கியது. சுண்ணாம்பு உதிர்ந்து அவள் தலைமேல் விழுந்தது. துடைத்துக்கொள்ளவே இல்லை.

சில நாள் கழித்து நானும் சித்தியும் கடைக்குள் நுழைந்தபோது, யாரோ ஒருவர் அந்தக் கண்ணாடிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் எங்களைக் கவனிக்கவில்லை.

"அது விக்கிறதுக்கில்லைங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வீட்டுக்காரம்மா வர்ற நேரம்."

அன்றைக்கு சித்தி 'சும்மா' என்று சொல்லவில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனாள்.